சட்டைப்பையில் ஒரு பட்டறை

கோலார் தங்க வயலிலிருந்து நாள்தோறும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் ஆயிரக்கணக்கானவர்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு இந்த ரயில்களே எங்கள் ஊரின் உயிர்நாடியாயின. ஃபிட்டர்கள், மின்பணியாளர்கள், காவலர்கள், கடை ஊழியர்கள், கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள் எனப் பலரும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து செல்கின்றனர். அவர்களுடைய பைகளில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர்ப் பாட்டில், குடை ஆகியவற்றோடு அண்மைக் காலமாக இன்னொரு பொருளும் இடம்பிடித்து வருகிறது. கத்தி, திருப்புளி, கத்திரிக்கோல், இடுக்கி முதலியவை ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்து கையளவில் அடங்கும் கருவி அது. கடைகளில் அதை ‘மல்டிடூல்’ என்கிறார்கள். இணையக் கடைகளின் தள்ளுபடி நாட்களில் இளைஞர்கள் அதை வாங்கிக் குவிப்பதையும், வாங்கியபின் எது சிறந்தது என்று ரயிலில் வாதிடுவதையும் காண முடிகிறது.

அந்த வாதத்தில் என் பங்கைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எத்தனை அலகுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து இக்கருவியை வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. கருவிப் பெட்டி எட்டாத இடத்தில் நம் கைக்கு உண்மையில் எந்த வேலைகள் வந்து சேர்கின்றன என்பதைக் கண்டறிந்து, அவற்றுக்கு மட்டும் போதுமான மிகச் சிறிய கருவியைத் தேர்ந்தெடுப்பதே தக்கது. பெரும்பாலோருக்கு அது இன்று பெருமையுடன் வாங்கப்படும் கனத்த இடுக்கி வகையாக இராது.

எங்கள் ஊரில் இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்துக்கு ஒரே கூண்டில் இறங்கிவிட முடியாது. ஒரு ஷாஃப்டில் இறங்கி, நடந்து, அடுத்ததில் ஏறி, மீண்டும் இறங்கிச் செல்ல வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு ஒரு ஸ்பேனரை மேலே விட்டுவந்ததை நினைத்துப் பயனில்லை. தேவையற்ற ஒன்றைச் சுமந்து இறங்குவதோ, வெப்பமும் புழுக்கமும் மிகுந்த அந்தச் சுரங்கப் பாதைகளில் இன்னும் பெரிய தொல்லை. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற கேள்வி இங்கே மூன்று தலைமுறைக்கு மேலாகத் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

சுரங்கத் தொழிலுக்கென்றே அமைந்த ஒரு பன்பயன் கருவியும் உலகெங்கும் வழக்கில் இருந்தது. பாறையைத் தகர்ப்பதற்குத் திரியின் முனையில் டெட்டனேட்டர் என்னும் சிறு உலோகக் குப்பியைச் செருகி, அதன் வாயை நெரித்து இறுக்க வேண்டும். அதற்கென ஓர் இடுக்கி உண்டு. அதன் அலகில் குப்பியை நெரிப்பதற்கான பள்ளமும் திரியை நறுக்குவதற்கான வெட்டுவாயும் இருக்கும். ஒரு கைப்பிடியின் முனை ஊசிபோல் கூராக இருக்கும். வெடிமருந்துக் குச்சியில் குப்பியைச் செருகத் துளையிடுவதற்கு அது. மற்றக் கைப்பிடியின் முனை தட்டைத் திருப்புளி. இந்த இடுக்கியைத் தேட நேரமின்றிக் குப்பியைப் பல்லால் கடித்து நெரித்தவர்கள் பல நாட்டுச் சுரங்கங்களிலும் இருந்தனர். அதனால் உயிரிழந்தவர்களும் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மேற்குப் பகுதிச் சுரங்கங்களில் மெழுகுவத்தி தாங்கியே இத்தகைய கருவியாக மாறியது. மரத்தூணில் அடித்து நிறுத்த ஒரு முள், பாறை விளிம்பில் தொங்கவிட ஒரு கொக்கி என்று அமைந்த அத்தாங்கிகளுள் சில மடக்குக் கத்தியையும் குப்பி நெரிக்கும் இடுக்கியையும் தம்முள் அடக்கியிருந்தன.

இக்கருவிகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திரியை நறுக்குதல், குப்பியை நெரித்தல், துளையிடுதல் ஆகிய மூன்றும் ஒரே மனிதர், ஒரே இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வேலைகள். ஆகவே அவை ஒரே கருவியில் கூடின. நம் வீட்டு அரிவாள்மணையும் அப்படியே. காய் நறுக்கியவர் அடுத்த கணமே தேங்காய் துருவுவார் என்பதால் அலகின் நுனியில் துருவியும் அமைந்தது. ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை தட்டையாகவும் இருக்கும் கடப்பாரைக்கும் இதே நியாயம்தான். அந்தக் காலத்தில் இடுப்புக் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியையும் காதுக்குறும்பி எடுக்கும் சிறு கரண்டியையும் எண்ணிப் பாருங்கள். செருப்பின்றி வயல்வரப்பில் நடந்தவருக்கு முள் தைப்பது அன்றாட நிகழ்ச்சி. வீட்டுக்குத் திரும்பி முள்வாங்கியைத் தேடிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. ‘அன்றாடம் உடன்கொண்டு செல்லும் கருவி’ என்று இன்று மேலைநாட்டிலிருந்து ஒரு புதுமைபோல் வந்திருக்கும் எண்ணம் நம் பாட்டனாரின் அரைஞாணில் தொங்கியதுதான்.

இன்றைய கருவிகளின் வரலாறு சுவிட்சர்லாந்தில் தொடங்குகிறது. இபாக் என்னும் சிற்றூரில் 1884ஆம் ஆண்டு கார்ல் எல்சனர் என்பவர் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1891ஆம் ஆண்டு முதல் அவர் சுவிஸ் படைவீரர்களுக்கு மடக்குக் கத்திகளை வழங்கினார். அதில் இருந்தவை நான்கே நான்கு: வெட்டும் அலகு, துளையிடும் முள், தகர டப்பா திறப்பான், திருப்புளி. டப்பா திறப்பான் உணவுக்காக. திருப்புளி துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவதற்காக. ஒரு வீரரின் அன்றாடத்தை அளந்து பார்த்து அமைத்த கருவி அது. 1897இல் எல்சனர் அதிகாரிகளுக்கென இன்னும் மெல்லிய ஒரு கத்தியைப் பதிவு செய்தார். ஒரே வில்லின் இருபுறமும் அலகுகள் இயங்குமாறு அமைத்தது அவருடைய நுட்பம். அதனால் எடை கூடாமல் அலகுகள் பெருகின. பின்னாளில் தம் தாயார் விக்டோரியாவின் பெயரை அவர் தயாரிப்புகளுக்குச் சூட்டினார். துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல் அதனுடன் சேர்ந்து ‘விக்டோரினாக்ஸ்’ ஆயிற்று.

இரண்டாம் மரபு அமெரிக்காவுடையது. 1975ஆம் ஆண்டு டிம் லெதர்மேன் என்னும் இயந்திரவியல் பொறியாளர் தம் மனைவியுடன் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். கார் அடிக்கடி நின்றது; தங்கிய விடுதிகளில் குழாய்கள் ஒழுகின. அவரிடம் இருந்த சாரணர் கத்தியில் எல்லாம் இருந்தன, இடுக்கி மட்டும் இல்லை. நாடு திரும்பியதும் அட்டையை வெட்டி மாதிரி செய்யத் தொடங்கினார். 1980இல் காப்புரிமை கிடைத்தது. கத்தி நிறுவனங்கள் இது கருவி என்று ஒதுக்கின. கருவி நிறுவனங்கள் இது விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கின. முதல் கருவி விற்பனைக்கு வர 1983 ஆயிற்று. எட்டு ஆண்டுக் காத்திருப்பு! சிறுதொழில் தொடங்கும் எண்ணத்துடன் இவ்விதழைப் புரட்டும் வாசகர்கள் இந்த எட்டு ஆண்டுகளைச் சற்று நின்று கவனிக்கலாம்.

ஆக, கடையில் இன்று நம் முன் இருப்பவை இரு குடும்பங்கள். கத்தியை நடுவில் வைத்துச் சிறு அலகுகளைச் சேர்த்தது ஒன்று. இடுக்கியை நடுவில் வைத்து மற்றவற்றைக் கைப்பிடிகளுக்குள் மடித்தது மற்றொன்று. இரண்டின் எடையையும் ஒப்பிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். லெதர்மேன் நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘வேவ்’ வகை ஏறத்தாழ 240 கிராம். இரண்டு அடுக்குள்ள 91 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தி ஏறத்தாழ 60 கிராம். சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் வகையோ 20 கிராமை ஒட்டியது. கால்கிலோ எடையைச் சட்டைப்பையில் போட முடியாது. இடுப்பு வாரில் உறையிட்டு மாட்ட வேண்டும், அல்லது பையில் வைக்க வேண்டும். பையில் வைத்தது முதல் வாரம் பையில் இருக்கும். அடுத்த மாதம் அலமாரிக்குப் போய்விடும்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுமாறு கேட்கும் இளைஞர்களுக்குச் சொல்வது என் வழக்கம். வரவுசெலவுக் கணக்கு எழுதுவதுபோல, ‘இங்கே ஒரு கருவி இருந்திருந்தால்’ என்று தோன்றிய ஒவ்வொரு வேளையையும் அதில் எழுத வேண்டும். அலுவலகத்திலோ கடையிலோ பணிபுரிபவரின் குறிப்பேட்டில் வழக்கமாக வருபவை இவை: பார்சலின் ஒட்டுநாடாவை அறுத்தது, மாத்திரை அட்டையை வெட்டியது, சட்டை நூலைக் கத்தரித்தது, மூக்குக்கண்ணாடியின் கழன்ற திருகாணியை நகத்தால் திருகி ஏமாந்தது, ரிமோட்டின் பேட்டரி மூடியைத் திறக்க நாணயத்தைத் தேடியது, விரலில் ஏறிய மரச்சிராயைப் பிடுங்கியது, பகலுணவுக்குப் பழம் நறுக்கியது. இடுக்கி தேவைப்பட்ட வேளை மிகக் குறைவாகவே இருக்கும். இருசக்கர வண்டியில் நெடுந்தொலைவு செல்பவர், தோட்டத்தில் மோட்டார் பம்பு வைத்திருப்பவர், கேபிள் இழுப்பவர், மேடை அமைப்பவர் ஆகியோரின் குறிப்பேடு வேறு கதை சொல்லும். அறுந்த கிளட்ச் கம்பியையும் வேலிக் கம்பியையும் கத்திரிக்கோலால் ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் இடுக்கி வகையையே வாங்க வேண்டும். அவர்களுக்கு 240 கிராம் சுமையாகவும் தோன்றாது.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், கத்திரிக்கோலுடன் கூடிய இரண்டு அடுக்கு 91 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தியையே சொல்வேன். கத்திரிக்கோல்தான் அதன் உயிர். கத்தியால் செய்வதாக நாம் நினைக்கும் வேலைகளில் பெரும்பகுதியைக் கத்திரிக்கோல் இன்னும் ஒழுங்காகவும் விரலுக்குத் தீங்கின்றியும் செய்துவிடும். பொது இடத்தில் கத்தியை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார். கத்திரிக்கோலை எடுத்தால் ‘எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்’ என்பார். அக்கத்தியின் முதுகில் மது பாட்டிலின் தக்கையைத் திருகி எடுக்கும் சுருள் கம்பி ஒன்றும் இருக்கிறது. நமக்கு அது எதற்கு என்று நானும் முதலில் எண்ணியதுண்டு. ஈரத்தில் இறுகிப்போன முடிச்சுகளை, சாக்குப்பையின் சணல் முடிச்சானாலும் காலணிக் கயிறானாலும், அவிழ்க்க அதைவிட நல்ல பொருள் இல்லை. அச்சுருளுக்குள் திருகி வைக்கக்கூடிய மிகச் சிறிய திருப்புளி ஒன்று தனியாகக் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடித் திருகாணிக்கென்றே அளந்து செய்தது அது. எங்கள் ஊரின் ஓய்வூதியர்கள் கையில் இந்த ஒன்றே போதும், முழுக் கத்தியின் விலையையும் ஈடுகட்டிவிடும். கைப்பிடியின் ஓரத்தில் செருகியிருக்கும் சிறு முள்வாங்கியை முதன்முறை உருவிப் பார்த்தபோது பழைய உறவினரைக் கண்டதுபோல் இருந்தது.

இதே நிறுவனம் 33 பயன்கள் கொண்ட ‘சுவிஸ் சாம்ப்’ என்ற கத்தியையும் செய்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் வடிவமைப்புத் தொகுப்பில் சேர்த்திருக்கிறது. அதற்கு அதுவே பொருத்தமான இடம் என்பது என் எண்ணம். மீன் செதிலைச் சீவும் அலகையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் நாள்தோறும் சட்டைப்பையில் சுமக்க வேண்டிய தொழில் ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி, பணத்தைவிடப் பெரிய ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்பயன் கருவியின் கைப்பிடி பெரும்பாலும் வெறும் எஃகு. மின்காப்பு என்பது அதற்குக் கிடையாது. சிலவற்றில் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகடு பிடிப்புக்காகவும் அழகுக்காகவும் ஆனது. 230 வோல்ட்டைத் தடுப்பதற்காக ஆனதன்று. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பெற்ற ஊர் எங்களுடையது. பெங்களூருக்கு மின்விளக்கு வந்ததே அதற்குப் பின்னர்தான். மின்கம்பியின் தன்மையை நூறாண்டுக்கு மேலாக அறிந்த மின்பணியாளர்களின் மரபு இங்கே உண்டு. அவர்கள் எவரும் சட்டைப்பைக் கருவியை மின்பெட்டிக்கு அருகில் கொண்டுசெல்வதில்லை. மின்காப்புள்ள கட்டிங் பிளேயரும் டெஸ்டரும் தனியே எடுத்துச் செல்வர். முதலில் மெயினை அணைப்பர். டெஸ்டரையும் அவர்கள் முழுக்க நம்புவதில்லை. எரிந்தால் மின்சாரம் உண்டு என்று கொள்ளலாம். எரியாவிட்டால் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளிருக்கும் சிறு விளக்கு பழுதாகியிருக்கலாம், உலர்ந்த மரப்பலகையின்மேல் நிற்பதால் அது மங்கியிருக்கலாம். மின்சாரம் இருப்பது உறுதியான வேறொரு பிளக்கில் சோதித்துக்கொண்டே வேலையைத் தொடங்குவர். வாங்கிய புதிதில் எல்லாவற்றையும் இந்த ஒரு கருவியால் செய்துபார்க்கத் துடிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், சுவிட்ச் பெட்டியைத் தொடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த ஆபத்து விரலுக்கு. சுவிஸ் வகைக் கத்திகளில் பலவற்றுக்குப் பூட்டு இல்லை. வில்லின் அழுத்தமே அலகை விரித்த நிலையில் நிறுத்துகிறது. வெட்டும்போது விசை கூர்வாய்ப் பக்கம் இருப்பதால் அது போதும். நுனியால் குத்தித் துளையிட முயன்றால் அலகு பின்னோக்கி மடிந்து, பிடித்திருக்கும் விரல்மேலேயே வந்து விழும். துளையிட வேண்டுமானால் அதற்கென உள்ள முள்ளைப் பயன்படுத்த வேண்டும். அம்முள்ளையும் நேர் அழுத்தமாக, பக்கவாட்டில் சாய்க்காமல் அழுத்த வேண்டும். பூட்டுள்ள கத்திகளில் இந்த ஆபத்து குறைவு. மூடும்போது பூட்டுத் தகட்டைத் தள்ளிய கட்டைவிரலை அலகின் வழியிலிருந்து விலக்கிக்கொள்ள மறப்பவர்கள் இங்கும் காயப்படுகின்றனர்.

மூன்றாவது, கருவிக்கும் பொருளுக்கும் நேரும் கேடு. எங்கள் ஊரில் உள்ள பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்திலும் அதற்கு முன் சுரங்கப் பட்டறைகளிலும் தொழில் பழகிய எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்: நட்டை ஸ்பேனரால் திருகு, இடுக்கியால் திருகாதே. இடுக்கியின் பற்கள் நட்டின் ஆறு மூலைகளையும் உருட்டிவிடும். அதன்பின் உரிய ஸ்பேனரும் அதில் பிடிக்காது. மடக்குக் கருவியின் திருப்புளியும் அப்படித்தான். கைப்பிடியின் நடுக்கோட்டில் இல்லாமல் ஓரமாக அமைந்திருப்பதால் அழுத்தமும் திருகலும் ஒரே நேர்க்கோட்டில் விழுவதில்லை. துருப்பிடித்த ஸ்டார் ஸ்குரூவில் வைத்து வலிந்து திருகினால் அதன் தலை தேய்ந்து வட்டக் குழியாகிவிடும். பிறகு அதை எடுக்க மெக்கானிக்குக்குக் கூலி கொடுக்க வேண்டும். தளர்ந்ததை இறுக்கவும், இறுகியிராததைக் கழற்றவும் மட்டுமே இது. ஒரு முறை முயன்று அசையாவிட்டால் வீட்டுக்கு வந்து உரிய கருவியை எடுப்பதே சிக்கனம்.

எடுத்துச் செல்லும் இடங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ரயிலிலிருந்து இறங்கி மெட்ரோவுக்கு மாறுபவர்கள் பையை வருடியில் வைக்க வேண்டியிருக்கிறது. கூரிய பொருள் கண்ணில் பட்டால் காவலர் நிறுத்துவார், அது அவருடைய கடமை. விமானத்தில் கைப்பையில் கத்தி அனுமதிக்கப்படுவதில்லை. சரக்கில் போகும் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அயல்நாட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்வோர் அந்நாட்டுச் சட்டத்தையும் விசாரித்துக்கொள்ளட்டும். பிரிட்டனில் அலகு 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைத் தக்க காரணம் கூறாமலே வைத்திருக்கலாம். பூட்டுள்ளதைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தக்க காரணம் காட்ட வேண்டும். நாள்தோறும் சோதனைச் சாவடிகளைக் கடப்பவருக்குக் கத்தியே இல்லாத, கத்திரிக்கோலும் சிறு இடுக்கியும் மட்டும் கொண்ட வகைகள் ஏற்றவை. லெதர்மேன் நிறுவனமே அத்தகையவற்றைச் செய்திருக்கிறது. ‘கத்தியில்லாமல் என்ன கருவி’ என்று ரயில் நண்பர்கள் கேலி செய்யலாம். காவலரிடம் கருவியை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையுடன் வேலைக்குப் போவதைவிட அந்தக் கேலி மேல்.

விலைக்கு வருவோம். பெயர்பெற்ற இடுக்கி வகைகள் 10,000 ரூபாயைத் தாண்டுகின்றன. சுவிஸ் சிறு கத்திகள் சில ஆயிரங்களில் அடங்கும். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு அவற்றைப்போன்றே தோன்றும் போலிகளும் தெருவோரக் கடைகளில் தொங்குகின்றன. போலி எல்லாம் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். சாவி டப்பாவில் கிடந்து ஆண்டுக்கு இருமுறை பார்சல் பிரிக்க அது போதும். கையை நம்பி ஒப்படைக்கும் வேலைக்கு ஆகாது. கடையில் நின்று சோதிக்கச் சில வழிகள் உண்டு. இடுக்கியை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுனியில் வெளிச்சம் கசியக்கூடாது. அலகை விரித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. ஸ்டார் திருப்புளியைக் கடைக்காரரிடம் ஒரு ஸ்குரூ வாங்கி அதில் வைத்துப் பார்த்தால் தளர்வின்றி உட்கார வேண்டும். விரிக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்ற ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். இணையத்தில் வாங்குவோருக்கு இச்சோதனைகள் வாய்ப்பதில்லை; விற்பவர் யார், உத்தரவாதம் யார் தருகிறார் என்பதையாவது படித்துவிட்டு வாங்கலாம். லெதர்மேன் 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. அதைக் கோருவதற்கு ரசீது வேண்டும். வெப்பத்தில் அச்சிட்ட கடை ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் அதைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

வங்கியின் இதழில் இதைச் சொல்வது பொருந்துமோ என்னவோ, ஆனாலும் சொல்கிறேன்: சட்டைப்பைக் கத்திக்குத் தவணை வேண்டாம். குறிப்பேடு நிரம்பும் அந்த ஒரு மாதத்தில் கைக்காசைச் சேர்த்துவிடலாம். மீதமுள்ள பணத்தில் ஒரு நல்ல மின்காப்புள்ள கட்டிங் பிளேயர், ஒரு டெஸ்டர், இரண்டு முழுநீளத் திருப்புளிகள், ஒரு ஸ்பேனர் கட்டு ஆகியவற்றை வாங்கி வீட்டில் வைத்தால், 10,000 ரூபாய்க் கருவி செய்யும் வேலைகளை அதைவிட நன்றாகவும் ஆபத்தின்றியும் செய்யலாம். டபாரியா போன்ற நம் நாட்டு நிறுவனங்களின் பிளேயர்களைத் தொழிலாளிகள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவதைக் காண்கிறோம். பிடிக்க ஒரு வாய், வெட்ட ஒரு வாய், குழாயைக் கவ்வ ஒரு வளைவு என மூன்றையும் கொண்ட அந்தச் சாதாரணக் கட்டிங் பிளேயரும் ஒரு பன்பயன் கருவியே. மடிவதில்லை என்பதால் அதை நாம் அப்படி அழைப்பதில்லை.

பராமரிப்பு எளிது. சட்டைப்பையில் சேரும் நூல்பஞ்சும் தூசியும் மூட்டுகளில் அடைந்து அலகுகளை இறுக்கிவிடும். எங்கள் ஊரில் அதோடு, கோடைக் காற்றில் சயனைடு மேடுகளிலிருந்து பறந்துவரும் நுண்மணலும் சேர்ந்துகொள்ளும். வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, அலகுகளைப் பலமுறை திறந்து மூடிக் கழுவி, நன்கு உலர்த்திய பின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி எண்ணெய் விட வேண்டும். எலுமிச்சை, மாங்காய் நறுக்கிய அலகை உடனே துடைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி அப்படியே மடித்துவிட்டால் புள்ளி புள்ளியாகக் கறை ஏறும். சுவிஸ் கத்தியின் எஃகு மிகக் கடினமானதன்று. முனை விரைவில் மழுங்கும், சிறு சாணைக்கல்லில் ஐந்து நிமிடம் தீட்டினால் மீண்டும் கூராகும். எண்ணெய்க்கு வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெய் ஆகாது. நாளடைவில் அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில் ராபர்ட்சன்பேட்டை வீடுகளில் புட்டியிலேயே உறைந்துவிடும். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் பலசரக்குக் கடையிலேயே சிறு புட்டிகளில் கிடைக்கிறது. ஒரு புட்டி பல ஆண்டுகளுக்கு வரும்.